உவர்மண்ணும் ப்ளீச்சிங் பவுடரும்

1

2020 ஜூலை. ஊரடங்கில் பெங்களூரு அறையைக் காலி செய்துவிட்டு, திருவாமாத்தூர் வீட்டில் இருந்தபடி வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் காலை அலுவலக மீட்டிங் ஓடிக்கொண்டிருந்தபோது பின்கட்டில் அம்மா இருமும் சத்தம் கேட்டது. முதலில் பொருட்படுத்தவில்லை. இருமல் நிற்காமல் போகவே மைக்கை அணைத்துவிட்டு எழுந்தேன். அதற்குள் பக்கெட் உருளும் சத்தம். அம்மா பாத்ரூம் வாசற்படியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர் கொட்டியது. மூச்சை இழுக்கிறாள், உள்ளே போகவில்லை. பக்கத்தில் போன என் தொண்டையையும் ஒரு நெடி வந்து அடைத்தது.

எங்கள் வீட்டு போர் தண்ணீர் உப்புத் தண்ணீர். டைல்ஸில் வெள்ளையும் மஞ்சளுமாகக் கறை படியும். அதற்கு அம்மா மாதம் ஒருமுறை 'ஆசிட்' ஊற்றித் தேய்ப்பாள். அது கொரோனாவுக்குப் பயந்து ஊரெல்லாம் ப்ளீச்சிங் பவுடர் தூவிக்கொண்டிருந்த நேரம். கறையோடு கிருமியும் போகட்டும் என்று, ஆசிட் ஊற்றிய ஈரத்தின் மேலேயே இரண்டு கை பவுடரையும் தூவியிருக்கிறாள். ஜன்னல் சாத்தியிருந்தது.

ஆசிட் என்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். ப்ளீச்சிங் பவுடரில் இருப்பது கால்சியம் ஹைப்போகுளோரைட். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். 1915 ஏப்ரல் 22 அன்று பெல்ஜியத்தில் இப்ர நகருக்கு அருகே ஜெர்மன் ராணுவம் எதிரிகளின் பதுங்குகுழிகளை நோக்கித் திறந்துவிட்டது இதே வாயுவைத்தான். ப்ளஸ் டூவில் இந்தச் சமன்பாட்டை எழுதி மார்க் வாங்கியவன் நான். பிறகு இன்ஜினியரிங்கும் படித்தேன். ஆசிட் பாட்டிலையும் பவுடர் பாக்கெட்டையும் ஒரே பையில் வாங்கி வந்து பின்கட்டில் வைத்தவனும் நான்தான்.

மருத்துவமனையில் எல்லோரும் கொரோனா என்றுதான் முதலில் நினைத்தார்கள். ஓர் இளம் டாக்டர் மட்டும் அம்மாவின் கைகளை முகர்ந்து பார்த்துவிட்டு, "பாத்ரூம் கழுவினீங்களாம்மா?" என்று கேட்டார். இரண்டு ராத்திரி ஆக்சிஜன் வைத்தார்கள். அம்மா பிழைத்து வந்தாள். இன்றும் மாடிப்படி ஏறினால் பாதியில் நின்று மூச்சு வாங்குவாள்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அந்த பாட்டில்களையெல்லாம் அப்புறப்படுத்தினேன். அடுத்த ஒரு மாதம் எனக்கு இயற்கை வெறி பிடித்திருந்தது. பூந்திக்கொட்டை, சீயக்காய், வினிகர், சோடா உப்பு, எலுமிச்சை என்று வாங்கிக் குவித்தேன். "நம்ம ஆயா காலத்துல இதெல்லாம் ஏதும்மா? இயற்கையாத்தானே வாழ்ந்தாங்க?" என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா பதில் சொல்லாமல் என்னைப் பார்த்தாள். பிறகு, "ஒங்க ஆயா கைய நீ பாத்திருக்கியா?" என்று மட்டும் கேட்டாள்.

அந்தக் கேள்விக்குப் பதில் தேடிப் போனதில்தான் இந்தக் கட்டுரை வந்தது.

2

திருவாமாத்தூர் விழுப்புரத்துக்குப் பக்கத்தில், பம்பை ஆற்றங்கரையில் இருக்கிறது. அபிராமேசுவரர் கோயில் ஊர். சாமி சந்நிதியும் முத்தாம்பிகை சந்நிதியும் தனித்தனிக் கோயில்களாக எதிரெதிரே இருக்கும். மூவரும் பாடிய தலம். இரட்டைப் புலவர்கள் கலம்பகம் பாடிய ஊர். வண்ணச்சரபம் தண்டபாணி சுவாமிகள் கடைசியில் வந்து தங்கி, 1898இல் அடங்கியதும் இங்கேதான்.

ஊர்ப்பெயரின் முதல் எழுத்தே மாடு. ஆ என்றால் பசு. ஆதியில் பசுக்களுக்குக் கொம்பு கிடையாதாம், மற்ற மிருகங்களிடமிருந்து தற்காத்துக்கொள்ள வழியில்லாமல் இங்கே வந்து தவம் இருந்து கொம்பு வாங்கிக்கொண்டு போயினவாம். தலபுராணம் அப்படிச் சொல்கிறது. நான் சின்னப்பிள்ளையாக இருந்த 1990களில் எங்கள் தெருவில் மாடு இல்லாத வீடு இரண்டோ மூன்றோதான்.

அன்று எங்கள் வீடு பாதி மண்தரை. ஆயா வெள்ளிக்கிழமைதோறும் மெழுகுவாள். சாணத்தைக் கரைத்து, அதில் கரித்தூளைச் சேர்த்து, ஒரு மூலையில் தொடங்கிப் பின்பக்கமாகவே நகர்ந்து வாசலுக்கு வருவாள். கை அரைவட்டம் அரைவட்டமாகப் போகும். காய்ந்தபின் தரையில் விசிறி விரித்தாற்போல் வரிகள் தெரியும். மண்தரைக்கு இதைவிட நல்ல பூச்சு கிடையாது. சாணத்தில் இருக்கும் நார் மண்ணைப் பிடித்துக்கொள்கிறது, புழுதி கிளம்புவதில்லை, வெடிப்பு அடைபடுகிறது.

பாத்திரத்துக்குச் சாம்பல். விறகுச் சாம்பலில் பொட்டாசியம் கார்பனேட் இருக்கிறது. ஈரம் பட்டால் அது காரமாகி எண்ணெய்ப் பிசுக்கைக் கொஞ்சம் சோப்பாகவே மாற்றிவிடும். நெல் விளையும் ஊர் என்பதால் உமிச் சாம்பலும் சேரும். உமிச் சாம்பலில் பெரும்பங்கு சிலிக்கா, அதாவது நுண்ணிய மணல். ஒன்று பிசுக்கைக் கரைக்கும், மற்றது அடியைச் சுரண்டும். இன்றைக்குக் கடையில் விற்கும் பாத்திரம் துலக்கும் பவுடரின் சூத்திரமும் ஏறக்குறைய இதுதான்: கொஞ்சம் காரம், கொஞ்சம் நுரை, நிறைய அரைத்த கல்.

பித்தளைக்குப் புளி. காற்றுப் பட்டுக் கறுத்த ஆக்சைடு படலத்தைப் புளியிலிருக்கும் டார்டாரிக் அமிலம் கரைக்கும். அதன்மேல் செங்கல் பொடி போட்டு ஒரு தேய். பட்டுப்புடவைக்கும் நகைக்கும் பூந்திக்கொட்டை. அதை ஊறவைத்துக் கசக்கினால் சப்போனின் நுரைக்கும். தலைக்குச் சீயக்காய் அல்லது அரப்பு. போகிக்கு முன்னால் சுவருக்குச் சுண்ணாம்பு.

இதையெல்லாம் எழுதிக்கொண்டே வந்தபோது ஒன்று உறைத்தது. ஆயாவின் அலமாரியிலும் அமிலம் இருந்தது, காரம் இருந்தது, நுரைப்பான் இருந்தது. 'கெமிக்கல்' இல்லாத வீடு என்று நான் கற்பனை செய்துகொண்ட வீடு கெமிக்கலால்தான் சுத்தமாக இருந்தது. எல்லாமே மென்மையானவை என்றும் சொல்ல முடியாது. சுண்ணாம்புத் தண்ணீரின் பிஎச் 12க்கும் மேல், கண்ணில் தெறித்தால் பார்வை போகலாம். பூந்திக்கொட்டைத் தண்ணீர் குட்டையில் கலந்தால் மீன் மிதக்கும். சோப்புக்குப் பழைய தமிழ்ப் பெயர் சவுக்காரம். அந்தச் சொல்லுக்குள்ளேயே காரம் இருக்கிறது.

3

வீட்டுக்குள்ளிருந்து கொஞ்சம் வெளியே வருவோம். சுத்தம் செய்யும் பொருள்களின் வரலாற்றில் பெரிய திருப்பங்கள் சமையலறையிலோ கழிவறையிலோ நடக்கவில்லை, துணியில் நடந்தன. அதில் ஒரு முக்கியமான அத்தியாயம் எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் ஒன்றரை மணி நேரத்தில் போய்விடக்கூடிய பாண்டிச்சேரியோடு தொடர்புடையது.

17, 18ஆம் நூற்றாண்டுகளில் சோழமண்டலக் கரையிலிருந்து கப்பல் கப்பலாகப் பருத்தித் துணி ஐரோப்பாவுக்குப் போனது. சாயம் தோய்த்தாலும் துவைத்தால் போகாத நிறம் அவர்களுக்குப் புதிர். அதைத் தெரிந்துகொள்ள ஆள் அனுப்பினார்கள். 1734 வாக்கில் போல்யூ என்ற பிரெஞ்சுக் கப்பல் அதிகாரி பாண்டிச்சேரியில் ஒரு சீலை எழுதும் பட்டறையில் உட்கார்ந்து, ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு துண்டுத் துணியை வெட்டி எடுத்துக் குறிப்போடு ஒட்டிக்கொண்டு போனார். அந்தத் துண்டுகள் இன்றும் பாரிஸில் இருக்கின்றன. 1742இல் கெர்து என்ற பிரெஞ்சுப் பாதிரியார், தான் மதம் மாற்றிய நெசவு, சாயத் தொழிலாளர்களிடம் கேட்டறிந்து, இதே செய்முறையை நீண்ட கடிதமாக எழுதி அனுப்பினார். கடுக்காய், எருமைப்பால் என்று எல்லாவற்றையும் விளக்கமாக எழுதியிருக்கிறார். சமஸ்கிருதத்துக்கும் ஐரோப்பிய மொழிகளுக்கும் உள்ள உறவைப் பற்றி வில்லியம் ஜோன்ஸுக்கு முன்பே எழுதிய அதே பாதிரியார்தான் இவர்.

சாயம் பிடிக்க வேண்டுமானால் முதலில் துணி வெளுக்க வேண்டும். தறியிலிருந்து வரும் துணி பழுப்பாக, கஞ்சி ஏறி, எண்ணெய்ப் பிசுக்கோடு இருக்கும். அதைச் சாணம் கரைத்த நீரில் ஊறவைத்து, காரத்தில் அவித்து, கல்லில் அடித்து, வெயிலில் விரித்து, காயக் காயத் தண்ணீர் தெளித்து வெளுத்தார்கள். நாள்கணக்கில் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டிய வேலை. ஈரமும் வெயிலும் காற்றும் சேர்ந்து நூலில் இருக்கும் நிறத்தை மெல்ல மெல்ல ஆக்சிஜனேற்றம் செய்கின்றன. சாணமும் கழுவி எறிவதற்கு முன்னால் தன் பங்குக்கு வேலை செய்கிறது. இந்தத் தொழிலைச் செய்தவர்கள் வண்ணார்கள். கிழக்கிந்தியக் கம்பெனியின் துணியை வெளுத்தவர்கள் குடியிருந்ததால்தான் சென்னை வண்ணாரப்பேட்டைக்கு அந்தப் பெயர்.

காரம் எங்கிருந்து வந்தது? மண்ணிலிருந்து. கோடையில் களர்நிலத்தில் வெள்ளையாகப் பூத்து நிற்குமே, அதுதான். உவர்மண் என்போம், சித்த மருத்துவர்கள் பூநீறு என்பார்கள். அதில் இருப்பது பெரும்பாலும் சோடியம் கார்பனேட்டும் பைகார்பனேட்டும். விடியற்காலையில் சுரண்டி எடுத்து, கரைத்து, தெளியவைத்து, அந்தத் தெளிவில் துணியை முக்கி, பிழியாமல் வெள்ளாவிப் பானைமேல் அடுக்கி, ராத்திரி முழுக்க ஆவி ஏற்றுவார்கள். சூடான காரநீராவி துணியின் ஒவ்வொரு இழைக்குள்ளும் போய் அழுக்கை இளக்கிவிடும். காலையில் துறைக்குக் கொண்டுபோய் அடித்தால் வெள்ளை வெளேரென்று வரும்.

4

இதே காலத்தில் ஐரோப்பாவில் இன்னும் மோசம். அங்கே வெயில் குறைவு. லினன் துணியைப் புல்வெளியில் மாதக்கணக்கில் விரித்துப் போட வேண்டும். அமிலத்துக்குப் புளித்த மோர். நெசவு இயந்திரங்கள் வந்து துணி மலைபோல் குவிந்தபோது, புல்வெளியும் மோரும் போதவில்லை.

1774இல் ஸ்வீடனில் ஷீலெ என்ற மருந்துக்கடைக்காரர் பச்சையும் மஞ்சளுமான ஒரு வாயுவைக் கண்டுபிடித்தார். அதுதான் குளோரின். பத்து வருடம் கழித்து, அரசாங்கச் சாயப் பட்டறைகளுக்குப் பொறுப்பாக இருந்த பெர்தொலே என்ற பிரெஞ்சு வேதியியலாளர், இந்த வாயு கரைந்த நீர் துணியைச் சில மணி நேரத்தில் வெளுப்பதைக் காட்டினார். ஆனால் வாயுவைக் கையாள்வது ஆபத்து. 1799இல் கிளாஸ்கோவில் சார்ல்ஸ் டெனன்ட் அதற்கு வழி கண்டார். குளோரினைச் சுண்ணாம்புக்குள் செலுத்திப் பொடியாக்கிக் காப்புரிமை பெற்றார். அந்தப் பொடிதான் ப்ளீச்சிங் பவுடர். பெயரே வெளுக்கும் பொடி. கிருமியைக் கொல்வது பின்னால் தெரிந்த உபரி. மாதக்கணக்கில் வெயில் செய்த வேலையைச் சாக்கில் கட்டி விற்கும் தந்திரமாகத்தான் அது பிறந்தது.

அதிலிருக்கும் சுண்ணாம்பு, போகிக்கு ஆயா அடித்த அதே சுண்ணாம்பு. குளோரின் வருவது சாதாரண உப்பிலிருந்து. உப்புக்கரைசலில் மின்சாரத்தைப் பாய்ச்சினால் ஒரு பக்கம் குளோரினும் மறுபக்கம் காஸ்டிக் சோடாவும் கிடைக்கும். எங்கள் மாவட்டத்து மரக்காணத்தில் உப்பளங்கள் கண்ணுக்கெட்டிய தூரம்வரை இருக்கின்றன. தமிழ்நாட்டில் இந்த வேலைக்குத் தேவையான மின்சாரத்தைக் காவிரி கொடுத்தது. 1934இல் மேட்டூர் அணை கட்டி முடிந்தது, அதன் பக்கத்திலேயே 1930களில் ஒரு கெமிக்கல் கம்பெனி தொடங்கப்பட்டது. உப்பு, சுண்ணாம்பு, அணைத் தண்ணீர். ப்ளீச்சிங் பவுடரின் மூலப்பொருள்களை இப்படிச் சொன்னால் இயற்கை அங்காடியின் பட்டியல் மாதிரியே இருக்கும்.

துணியிலிருந்து இவை வீட்டுக்குள் வர நெடுநாள் ஆனது. 1888இல் 'லீவர் பிரதர்ஸ், இங்கிலாந்தில் தயாரிக்கப்பட்டது' என்று பொறித்த சன்லைட் சோப்புக் கட்டிகள் கல்கத்தா துறைமுகத்தில் வந்து இறங்கின. 1959இல் சர்ஃப் வந்தது, 1969இல் குஜராத்தில் ஒரு வேதியியல் படித்த அரசு ஊழியர் வீட்டுக் கொல்லையில் கலந்த மஞ்சள் பவுடரை சைக்கிளில் விற்கத் தொடங்கினார், அது நிர்மா. ஆசிட்டும் பினாயிலும் எங்கள் வீட்டுக்குள் வந்தது 1990களின் கடைசியில், பாத்ரூம் கட்டியபோதுதான். அதற்குமுன் கழுவ வேண்டிய கழிவறையே வீட்டில் இல்லை.

நான் ஏங்கிய 'இயற்கையான ஆயா வீட்டில்' கழிவறை இல்லை என்பது இந்தக் கட்டுரையை எழுத உட்காரும்வரை எனக்குத் தோன்றவே இல்லை.

5

அம்மா கேட்ட கேள்விக்கு வருகிறேன். ஆயாவின் கையை நான் பார்த்திருக்கிறேன். உள்ளங்கை சாம்பல் நிறத்தில் வெடித்திருக்கும். சோறு பிசைந்து ஊட்டும்போது எரியும் என்று வாழையிலையில் வைத்துக் கரண்டியால் பிசைவாள். அதை ஆயாவின் பழக்கம் என்று நினைத்திருந்தேன்.

ஆனால் அதைவிட மோசமான ஒரு கையை நான் பார்த்திருக்கிறேன். எங்கள் தெருவுக்குத் துணி எடுக்க வருவார் ஒரு பாட்டி. வயது அறுபதுக்கு மேல் இருக்கும். அழுக்குத்துணியை மூட்டை கட்டிக்கொண்டு போவார், இரண்டு நாள் கழித்து வெளுத்துக் கொண்டுவருவார். சாயங்காலம் அன்னக்கூடையோடு வீடு வீடாக வந்து நின்று சோறு வாங்கிப் போவார். பிள்ளை பெற்ற வீட்டுத் துணி, வயதுக்கு வந்த பெண்ணின் துணி, சாவு விழுந்த வீட்டுத் துணி எல்லாம் அவரிடம்தான் போகும். இந்தக் கட்டுரையில் அம்மாவை 'அவள்' என்று உரிமையோடு எழுதிவிட்டு அவரை 'அவர்' என்று எழுதுகிறேன். ஏழு வயதில் நான் அவரை "நீ", "வா", "போ" என்றுதான் பேசினேன். தெருவில் எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தான் பேசினோம். யாரும் திருத்தவில்லை.

ஒருமுறை சோற்றைக் கூடையில் போடும்போது அவர் விரல்களைப் பார்த்தேன். நகம் இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளையாகத் தோல். உவர்மண் தின்ற விரல்கள். காரத்துக்கு அழுக்கு எது, தோல் எது என்று தெரியாது. எண்ணெய்ப்பசை எங்கே இருந்தாலும் அதைச் சோப்பாக்கும், அது துணியின் பிசுக்காக இருந்தாலும் சரி, விரலின் கொழுப்பாக இருந்தாலும் சரி. எங்கள் வீட்டு வேட்டியின் வெண்மை அந்த விரல்களிலிருந்து வந்தது.

அவரைவிடக் கீழாக வைக்கப்பட்டவர்களும் இந்த மாவட்டங்களில் உண்டு. தலித் மக்களுக்குத் துணி வெளுத்த புதிரை வண்ணார்கள். தீண்டாமைக்குள் ஒரு தீண்டாமை. அவர்களின் வாழ்க்கையை அறிய வேண்டுமென்றால் இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' நாவலைப் படிக்க வேண்டும். 1994இல் வெளிவந்தது, பழைய தென்னாற்காடு மாவட்டத்து மண்ணிலிருந்து எழுதப்பட்டது. அதில் வரும் ஆரோக்கியத்தைப் படித்தவர்கள் வெளுத்த துணியை மறுபடி பழைய கண்ணோடு பார்க்க மாட்டார்கள்.

அந்தப் பாட்டியைக் கடைசியாக நான் பார்த்தது கல்லூரி முதல் வருட விடுமுறையில். துணி எடுக்க வருவதை நிறுத்தியிருந்தார். வீடுகளில் பவுடர் வந்துவிட்டது, சிலர் வாஷிங் மெஷினே வாங்கிவிட்டார்கள். பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்திருந்தார். 'தொழில் போச்சே' என்று வருத்தப்படுவார் என்று நினைத்து, "இப்பல்லாம் வெள்ளாவி வெக்கறதில்லையா பாட்டி?" என்று கேட்டேன்.

"இல்லப்பா. இப்பத்தான் ராத்திரில தூங்கறன்" என்றார்.

வெள்ளாவி அடுப்பு அணையாமல் இருக்க ராத்திரி முழுக்க விழித்திருக்க வேண்டும் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். இயற்கையான பாரம்பரிய முறை என்று யாராவது பேசும்போதெல்லாம் எனக்கு இந்த வாக்கியம் கேட்கும்.

6

ப்ளீச்சிங் பவுடரின் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. 1847இல் வியன்னா பொது மருத்துவமனையில் செம்மல்வைஸ் என்ற மருத்துவர், பிரசவம் பார்க்கும் முன் டாக்டர்கள் குளோரின் கலந்த சுண்ணாம்புக் கரைசலில் கைகழுவ வேண்டும் என்று சட்டம் போட்டார். பிணவறையில் அறுத்துவிட்டு நேரே பிரசவ அறைக்கு வந்துகொண்டிருந்த காலம் அது. ஏப்ரலில் நூற்றுக்குப் பதினெட்டுத் தாய்மார்கள் இறந்துகொண்டிருந்த வார்டில், ஜூனில் அது இரண்டாகக் குறைந்தது. குடிநீரில் குளோரின் கலக்கத் தொடங்கியபிறகு காலராவும் டைபாய்டும் பின்வாங்கின. இன்றும் வெள்ளம் வடிந்த ஊருக்கு முதலில் போவது ப்ளீச்சிங் பவுடர் மூட்டைதான்.

சாணத்தைக் கிருமிநாசினி என்று வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். மண்தரைக்கு அது நல்ல பூச்சு, அவ்வளவுதான். அதில் டெட்டனஸ் கிருமியின் வித்துகள் இருக்க வாய்ப்புண்டு. பிறந்த குழந்தையின் தொப்புள்கொடியில் சாணமோ சாம்பலோ வைத்த பழக்கத்தால் எத்தனை பிள்ளைகள் ஜன்னி கண்டு செத்தன என்பதற்குக் கணக்கில்லை. தடுப்பூசியும் சுத்தமான பிரசவமும் சேர்ந்துதான் 2015இல் இந்தியா அந்த நோயை ஒழித்ததாக அறிவிக்க முடிந்தது.

அதற்காக எல்லா இடத்திலும் குளோரினைக் கொட்டுவதும் மடத்தனம். 2020 மார்ச் கடைசியில் உத்தரப்பிரதேசத்தின் பரேலியில், ஊர் திரும்பிய தொழிலாளர்களை நடுரோட்டில் உட்காரவைத்து ஹைப்போகுளோரைட் கரைசலைப் பீய்ச்சியடித்தார்கள். மனிதர்கள்மேல் தெளிப்பது தீங்கு, தெருவில் தெளிப்பதால் பயனில்லை என்று உலக சுகாதார நிறுவனம் மே மாதம் சொன்னது. ஜூலையில் என் அம்மா ஜன்னலைச் சாத்திக்கொண்டு பாத்ரூம் கழுவினாள்.

யோசித்துப் பார்த்தால் இரண்டு பக்கமும் ஒரே தவறுதான். பொருளுக்குப் புனிதமோ பாவமோ ஏற்றிவிட்டு, அது என்ன செய்கிறது, எவ்வளவு வேண்டும், யார் கையில் படுகிறது என்பதைக் கேட்காமல் விடுவது. மருத்துவமனைத் தரைக்கு வேண்டியது வீட்டுத் தரைக்கு வேண்டாம். உப்புக்கறைக்குத் தேவை அமிலம், ஆனால் டைல்ஸின் பூச்சையே அரிக்கும் அமிலம் தேவையில்லை. புளியோ எலுமிச்சையோ வினிகரோ அரைமணி நேரம் ஊறினால் அதே கார்பனேட்டைக் கரைத்துவிடும். ஆசிட் 30 நொடியில் செய்வதை இவை 30 நிமிடத்தில் செய்யும். இயற்கைக்கும் கெமிக்கலுக்கும் நடுவே இருப்பதாகச் சொல்லப்படும் வித்தியாசத்தில் பெரும்பகுதி இந்த நேரம்தான். அந்த நேரத்தை வீட்டில் யார் கொடுப்பது என்பதுதான் யாரும் பேசாத கேள்வி.

7

எங்கள் ஊரில் பொய் சொல்ல முடியாது. அம்மன் கோயிலில் வட்டப்பாறை இருக்கிறது. அதன் முன் பொய்ச்சத்தியம் செய்தவன் தப்பமாட்டான் என்பது நம்பிக்கை. அதற்கு ஒரு கதை உண்டு. சொத்தை ஏமாற்றிய அண்ணன் ஒருவன் பணத்தையெல்லாம் ஊன்றுகோலுக்குள் ஒளித்துவைத்தான். சத்தியம் செய்யப்போகும்போது, "இந்தக் கோலைக் கொஞ்சம் பிடி" என்று தம்பியிடம் கொடுத்துவிட்டு, "என்னிடம் எதுவும் இல்லை, எல்லாம் தம்பியிடம்தான் இருக்கிறது" என்று சத்தியம் செய்தான். சொன்னது அந்தக் கணத்துக்கு உண்மைதான். ஊர் எல்லை தாண்டிப் போய், ஜெயித்துவிட்டோம் என்று அம்மனையே ஏளனம் செய்தபோது பாம்பு கடித்துச் செத்தான்.

'100% இயற்கை, கெமிக்கல் இல்லாதது' என்று லேபிள் ஒட்டிய பாட்டிலைப் பார்க்கும்போது எனக்கு அந்த ஊன்றுகோல் ஞாபகம் வருகிறது. தண்ணீரும் கெமிக்கல்தான் என்பது அதில் சின்ன விஷயம். கோலுக்குள் இருப்பது உழைப்பு. அதை வேறு யார் கையிலோ கொடுத்துவிட்டு, 'என்னிடம் கெடுதல் எதுவும் இல்லை' என்று சொல்கிறோம்.

நானும் அதைத்தான் செய்தேன். அந்த ஜூலைக்குப் பிறகு பயோ என்சைம் போட்டேன். ஒரு பங்கு வெல்லம், மூன்று பங்கு எலுமிச்சை, ஆரஞ்சுத் தோல், பத்துப் பங்கு தண்ணீர், மூன்று மாதம் நொதிக்க வேண்டும். முதல் மாதம் தினமும் மூடியைத் திறந்து வாயுவை வெளியேற்ற வேண்டும். யூடியூபில் பார்த்துக் கலந்து வைத்துவிட்டு, பெங்களூரு கிளம்பும்போது, "தெனம் மூடிய மட்டும் தெறந்து விடும்மா" என்றேன். அம்மா கேட்டாள்: "நீ வாங்கினு வந்த, நீ கலந்த, தொறக்கறது மட்டும் நானா?"

என் இயற்கை வாழ்வுக்கும் ஒரு கை தேவைப்பட்டது. அது வழக்கம்போல் அம்மாவின் கை.

இப்போது மாதத்தில் பத்து நாள் திருவாமாத்தூரிலிருந்து வேலை பார்க்கிறேன். பாத்ரூம் என் பொறுப்பு. சனிக்கிழமை ராத்திரி டைல்ஸில் வினிகரைத் தடவி ஊறவிட்டு, காலையில் தேய்க்கிறேன். சோடா உப்பு தனியாக, வேறு நாளில். இரண்டையும் ஒன்றாகக் கொட்டினால் பொங்கும், பார்க்க அழகாக இருக்கும், கடைசியில் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு வெறும் உப்புத் தண்ணீர்தான் மிஞ்சும். அடுப்படிப் பிசுக்குக்குச் சலவை சோடா, கையுறை போட்டுக்கொண்டு. ப்ளீச்சிங் பவுடர் ஒரு சிறு டப்பா இன்னும் இருக்கிறது, தண்ணீர்த் தொட்டி கழுவுவதற்கு. டப்பாமேல் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியிருக்கிறேன்: 'இதோடு எதையும் கலக்காதே.' ஆசிட் வீட்டில் இல்லை. மூலையில் ஒரு மஞ்சள் கறை முழுதாகப் போகவே இல்லை, அதை அப்படியே விட்டுவிட்டேன்.

போன வாரம் தேய்த்துக்கொண்டிருந்தபோது அம்மா வாசற்படியில் வந்து நின்றாள், அன்று மூச்சு முட்டி உட்கார்ந்த அதே இடத்தில். சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்த மூலைல இன்னும் போவல பாரு."

"அது போவாதும்மா."

"வுடு. கைய கழுவிக்கினு சாப்புட வா."